கல்லறைத் தோட்டத்துக் காய்ச்சல்

நோய் வருவதென்றால் மரியாதையான இடத்தில் வரவேண்டும். நெஞ்சில் வந்தவனைப் பார்க்க ஆப்பிளோடு வருகிறார்கள். தலையில் வந்தவனிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். எனக்கு வந்த நோயின் அடையாளமோ, நான் உட்காருவதற்கு மட்டுமே பயன்படுத்தி வந்த இடத்தில் இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "எங்கன கடிச்சுது?" என்று கேட்டார்கள். நான் ஜன்னலைக் காட்டி மழையைப் பற்றிப் பேசினேன்.

இப்போது தேறிவிட்டேன். வேட்டி இடுப்பில் நிற்கிறது, சோறு ருசிக்கிறது. நடந்ததை எழுதிவைக்கச் சொன்னது என் மனைவி கிரேஸ். "வாயால சொன்னியன்னா பாதி பொய் சேந்துரும். எழுதினா கொஞ்சமாச்சும் பயம் இருக்கும்" என்றாள். அதனால் எழுதுகிறேன். பொய் கால்வாசிக்கு மேல் போகாது.

நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். மேனேஜர் என்றால் சாவி கொடுக்கிறவன், சாவி வாங்குகிறவன், இரண்டுக்கும் நடுவில் வெந்நீர் வரவில்லை என்று திட்டு வாங்குகிறவன். வீடு குத்துக்கல்வலசையில். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் ஒரு பதவியும் உண்டு: கல்லறைத் தோட்டப் பொறுப்பாளன்.

அந்தப் பதவி வந்த கதையைச் சொல்லாமல் காய்ச்சலைச் சொல்ல முடியாது. எங்கள் வட்டாரத்துச் சபைகளில் கமிட்டித் தேர்தல் முடிந்த பிறகுதான் உண்மையான தேர்தல் தொடங்கும். ஜெயித்த அணி கூப்பிட்டால் தோற்ற அணி வராது. ஜெயித்த அணி அசன விருந்துக்கு ஆட்டுக்கறி போட்டால் தோற்ற அணி அன்றைக்கு மட்டும் சைவமாகிவிடும். இந்தத் தடவை ஜெயித்தது எங்கள் அணி. பொறுப்புகளைப் பிரித்தபோது வரவுசெலவு, கட்டடம், பாடகர் குழு எல்லாம் பெரிய ஆட்களுக்குப் போயிற்று. எனக்குக் கல்லறைத் தோட்டம். "அங்கனதான் நீ என்ன பேசினாலும் யாரும் கோவிச்சுக்க மாட்டாக" என்றார் செயலர்.

தோற்ற அணியின் தலைவர் பொன்னுத்துரை அண்ணாச்சி. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எழுபது தாண்டியும் சட்டைக் காலர் மடங்காத மனிதர். தேர்தலுக்குப் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கூட்டத்தில் அவரைப் பற்றி நான் சொன்ன ஒரு வேடிக்கையும் அதற்குக் காரணம் என்பார்கள். வேடிக்கை நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பிரச்சினை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை தோட்டத்தைச் சுத்தம் செய்வோம் என்று ஆலயத்தில் அறிவித்தோம். ஐப்பசி மழையில் புல் முழங்காலுக்கு வளர்ந்திருந்தது. அறிவிப்பு வந்த அன்று மாலையே எதிரணி கூடியது. இந்த வருஷம் நம் ஆட்கள் ஒருத்தரும் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. திருநாளன்றும் போக வேண்டாம். வீட்டு வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றினாலே இறந்தவர்களுக்கு வெளிச்சம் தெரியும். இப்படி முடிவு சொன்னவர் பொன்னுத்துரை அண்ணாச்சிதான்.

சனிக்கிழமை எங்கள் ஆட்கள் புல்லை வெட்டினார்கள். நான் மேற்பார்வை பார்த்தேன். மேற்பார்வையை நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஈரப் புல்லில் வசதியாக உட்கார்ந்து, கிரேஸ் கொடுத்தனுப்பிய உளுந்த வடையைத் தின்றுகொண்டே பார்த்தேன். இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் பிறகு ஆஸ்பத்திரியில் அவ்வளவு பெரிய விலை கொடுத்தேன்.

ஒன்றரை வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. பக்கத்துக் கிளினிக்கில் சாதாரண வைரல் என்று மாத்திரை கொடுத்தார்கள். சாதாரண வைரலோடு வேலைக்குப் போனேன். மாலையில் ஒரு குடும்பத்துக்குச் சாவியைக் கொடுத்து, இரண்டு கையையும் உயர்த்தி ஆசீர்வாதம் கூறி, "செக்கவுட் பன்னெண்டு மணி" என்றும் சொல்லியிருக்கிறேன். அவர்கள் பயந்து வேறு லாட்ஜுக்குப் போய்விட்டார்கள். முதலாளி கிரேஸைக் கூப்பிட்டார். கிரேஸ் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனை. காத்திருக்கும் கூடத்தில் எங்கு பார்த்தாலும் காய்ச்சல். நீல நாற்காலிகளில் வரிசையாக மக்கள் தலை சாய்த்திருந்தார்கள். அத்தனை பேரும் ஒரே கனவைக் காண்பதுபோல எனக்குத் தோன்றியது. ரத்தம் எடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை. ஆனால் பிளேட்லெட் இறங்கியிருந்தது. ரத்தம் உறைவதற்கு உதவுகிற சின்னத் துணுக்குகள் அவை; குறைந்தால் உள்ளேயே கசியத் தொடங்கும். ஈரலும் கொஞ்சம் வீங்கியிருந்தது.

டாக்டர் ஒரு இளம்பெண். "காடு, புதர், புல்லுப் பக்கம் எங்கேயாவது போனீங்களா? அருவிப் பக்கம்?"

"நான் குற்றாலத்துக்காரன் டாக்டர். நாங்க யாரும் அருவிக்குப் போறதில்ல."

பொய் இல்லை. கல்லறைத் தோட்டம் என் நினைவுக்கே வரவில்லை. அது எனக்குப் புதர் அல்ல, சபைச் சொத்து.

நோயைக் கண்டுபிடித்தது கிரேஸ். காய்ச்சல் இறங்க ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கையை நிறுத்தினாள். "இது என்ன, சிகரெட்டால சுட்ட மாதிரி இருக்கு?" என்றாள். நர்ஸ் வந்து பார்த்தாள். டாக்டர் வந்து பார்த்தார். படிக்க வந்திருந்த இன்னும் இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு டாக்டர் காட்டினார். நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மனுஷன் பிறக்கும்போது கொண்டுவந்த மானத்தை எங்கே கொண்டுபோய் விடுகிறான் என்று யோசித்தேன்.

"இதை இத்தனை நாளா எங்க வச்சிருந்தீங்க?"

"உக்காந்திருந்தேன் டாக்டர்."

அதற்குப் பெயர் ஸ்க்ரப் டைபஸ்; தமிழில் உண்ணிக் காய்ச்சல். புல்லில் ஒட்டிக் கிடக்கும் பூச்சிக் குஞ்சு ஒன்று கடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, வலிக்காது. பத்து நாள் போல அமைதியாக இருந்துவிட்டுக் காய்ச்சல் தொடங்கும். கடித்த இடத்தில் சிலருக்கு மட்டும் ஒரு கருப்புப் பொருக்கு உட்காரும். அதுவும் மடிப்பிலும் மறைவிலும்தான். மருந்து ரொம்பச் சாதாரண மாத்திரை. நேரத்தோடு போட்டால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் பறந்துவிடும். நேரம் தப்பினால் நுரையீரலில் நீர் கோக்கும், சிறுநீரகம் படுக்கும், மூளையைக்கூட விடாது. டாக்டர் இதைச் சொன்னபோது கிரேஸ் என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொல்லச் சொல்ல அந்தப் பிடி இறுகிக்கொண்டே போனது. "என்னாட்டி, பயப்படுதியா?" என்றேன். "நீங்க வேடிக்கை பேசாம இருந்தாத்தான் பயம்" என்றாள்.

மூன்று கட்டில் உள்ள அறை. ஜன்னலோரம் மாரியப்பன், பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவர். சர்க்கரையால் காலில் புண். அவரைப் பார்க்க வருகிறவர்கள் முருங்கைக்காயும் சுரைக்காயுமாகக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் போவார்கள். நடுக் கட்டில் எனக்கு. கதவோரக் கட்டில் காலி.

மறுநாள் அந்தக் கட்டிலுக்குச் சக்கர நாற்காலியில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சட்டைக் காலர் மட்டும் மடங்கவில்லை.

பொன்னுத்துரை அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். "வேற ரூம் இல்லையா?" என்று அவர் நர்ஸிடம் கேட்டார். "இல்ல தாத்தா, ஊரே காய்ச்சல்" என்றாள் நர்ஸ். நடுவில் இருந்த பச்சைத் திரையை அவர் தன் கையாலேயே இழுத்துவிட்டார்.

"சொந்தக்காரரா?" என்று மாரியப்பன் கிசுகிசுத்தார்.

"சபைக்காரரு."

"அப்போ ஏன் திரை?"

"தேர்தல்."

"ஓ" என்றார் மாரியப்பன். "எங்க ஊர்க் கோயில்லயும் உண்டு. கொடைத் திருவிழாவுக்கு ரெண்டு மேளம் வச்சோம்."

அண்ணாச்சியின் மனைவி ஞானம்மா அக்கா இறந்து வருஷம் ஒன்றாகிவிட்டது. மகள் பிரசவத்துக்கு இருந்ததால் மருமகன் எட்வின்தான் பெங்களூரிலிருந்து ஓடிவந்திருந்தான். நல்ல பையன்; ஆனால் கஞ்சி எங்கே வாங்குவதென்று தெரியாதவன். முதல் நாளே கிரேஸ் கூடக் கொஞ்சம் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் போய் மேஜையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தாள். சற்று நேரம் கழித்துத் தம்ளரில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு குடிப்பார் என்று மாரியப்பன் திரை இடுக்கு வழியாகப் பார்த்து எனக்கு நேர்முக வருணனை சொன்னார். தினமும் இது நடந்தது. நானாக இருந்தால் கஞ்சியோடு ஒரு வாசகமும் சேர்த்துக் கொடுத்திருப்பேன். கிரேஸ் துவையல் மட்டும் சேர்த்துக் கொடுத்தாள். விசுவாசத்தைப் பற்றி மேடையேறி எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். இவள் அதைப் பாத்திரம் கழுவி மூடி போட்டு எடுத்துவந்தாள்.

எனக்கு மாத்திரை தொடங்கிவிட்டாலும் காய்ச்சல் உடனே விட்டுவிடவில்லை. போகிற போக்கில் என்னை ஊர் சுற்றிக் காட்டியது.

பகலெல்லாம் மழை பெய்தது. கண்ணை மூடினால் கட்டில் மெல்ல எழும்பி, ஜன்னல் கம்பி வழியாகப் புகைபோல் வெளியே போகும். கீழே தென்காசிக் கோபுரம் நனைந்துகொண்டு நிற்கும். குற்றாலத்தில் அருவி கீழிருந்து மேலே போய்க்கொண்டிருக்கும், மாலை போட்ட சாமிமார் அண்ணாந்து பார்த்து, "மேனேஜர், வெந்நீர் எப்ப வரும்?" என்று என்னிடம் கேட்பார்கள். வரும், வரும் என்று சொல்லிக்கொண்டே நான் மிதந்து போவேன்.

ஒரு மதியம் கட்டில் என்னைக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கியது. அங்கே அசனப் பந்தி நடந்துகொண்டிருந்தது. இறந்தவர்கள் எல்லோரும் அவரவர் கல்லறைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் இலை விரித்துக் காத்திருந்தார்கள். ரெண்டு அணிக்காரர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரை எங்கே புதைத்தோமோ அங்கே. பழைய செயலர் ஒருவர், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது செத்தவர், "ஏலே, கறியைக் கொண்டாலே, எவ்வளவு நேரம்" என்றார். வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறிக்கொண்டே வந்தேன். எல்லாருடைய துணியிலும் புல் ஒட்டியிருந்தது. ஞானம்மா அக்காவின் வெள்ளைச் சேலையில் மட்டும் ஒரு புல் இல்லை. அக்கா இலையை மூடிவிட்டு, "எனக்குக் கறி வேண்டாம் தம்பி. எங்க வீட்டுக்காரரு மூச்சு விடுதாகளான்னு பாரு" என்றாள்.

முழித்துக்கொண்டேன். திரைக்கு அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. ரம்பம் இழுக்கிற மாதிரி. அதைக் கேட்டுக்கொண்டே கிடக்கும்போது, காய்ச்சல் மூடி வைத்திருந்த ஒரு காட்சி மெல்லத் திறந்தது.

அந்தச் சனிக்கிழமை வாசல் பூட்டைத் திறக்க நான்தான் முதலில் போனேன். முழங்கால் புல்லுக்கு நடுவே ஒரே ஒரு கல்லறை புது வெள்ளையடித்து நின்றது. சுற்றிலும் புல்லைக் கையாலேயே பிடுங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், சுண்ணாம்பு ஈரம். தலைமாட்டில் கேந்திப் பூவைச் சிலுவையாக அடுக்கியிருந்தது. ஞானம்மா அக்காவின் கல்லறை. வாசல் பூட்டு பூட்டியபடி இருந்ததால், எழுபது தாண்டிய கணக்கு வாத்தியார் சுண்ணாம்பு வாளியோடு சுவர் ஏறிக் குதித்திருக்கிறார். யாருக்கும் தெரியாமல், விடியுமுன், தான் போட்ட தடையைத் தானே மீறி. பின்னால் வந்தவர்கள் அதை நான் செய்ததாக நினைத்து, "பரவால்லயே, நீயும் வேல செய்வியா" என்றார்கள். நான் சிரித்துவைத்தேன். ஏனோ அந்தப் பூவைப் பார்த்த பிறகு எனக்குச் சொல்ல வரவில்லை.

அப்படியானால் அந்தப் பூச்சி அவரையும் கடித்திருக்கிறது. அவர் அதைச் சொல்லவே போவதில்லை.

எழுந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் டாக்டர் உள்ளே வந்தார். எட்வின் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். கதவோரம் எதிரணிக்காரர்கள் இரண்டு பேர், சக்கர நாற்காலியோடு தயாராக நின்றார்கள். திரை பாதி விலகியிருந்தது. அண்ணாச்சியின் மூக்கில் ஆக்ஸிஜன் முகமூடி.

"ஐயா, சட்டையைக் கழட்டி ஒரு தடவை முழுசாப் பாக்க விடுங்க" என்றார் டாக்டர். "பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்ததே உங்களுக்கும் இருக்கலாம்."

அண்ணாச்சி முகமூடியை விலக்கினார். "அவன் கல்லறைத் தோட்டத்துல உருண்டவன். நான் அங்க போகல."

"மாமா போகலன்னுதான சொல்லுதாக" என்றான் எட்வின். "டெஸ்ட்லயும் இல்லன்னு வந்துட்டு. போன வருஷம் ஏதோ ஒரு மாத்திரை ஒத்துக்காம உடம்பெல்லாம் தடிச்சு மூச்சடைச்சுட்டு டாக்டர். எந்த மாத்திரைன்னுகூட எங்களுக்குத் தெரியாது. இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து எதுக்கு ரிஸ்க்கு? நாகர்கோவில்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம்."

"முதல் வாரத்துல இந்த டெஸ்ட் பொய் சொல்லும்" என்றார் டாக்டர். "போறதுன்னா போங்க, நான் தடுக்கல. ஆனா நுரையீரல்ல நீர் ஏறிட்டே இருக்கு. வழியில மூச்சு முட்டினா என்ன செய்வீங்க? புல்லுப் பக்கம் போனாகன்னு ஒரு வார்த்தை உறுதியாத் தெரிஞ்சா இங்கயே, இப்பவே, பக்கத்துல நின்னு மாத்திரையைக் கொடுத்துருவேன்."

ஒரு வார்த்தை. அது என் நாக்கு நுனியில் இருந்தது. சாதாரண வார்த்தை அல்ல. என் ஆயுளில் கிடைத்த மிகச் சிறந்த வேடிக்கை. தடை போட்ட தலைவர் சுவர் ஏறிக் குதித்தார் என்பதைச் சொன்னால் சபை பத்து வருஷம் சிரிக்கும். கேட்க அவருடைய ஆட்களே வாசலில் நிற்கிறார்கள். சொன்னால் ஒருவேளை உயிர் பிழைப்பார். ஆனால் பிழைத்து எழுந்து எந்த முகத்தோடு ஆலயத்துக்குள் வருவார்? இல்லை, வீம்பில் "பொய் சொல்லுதான்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் ஏறிவிடுவார். அதுதான் நடக்கும். கணக்கு வாத்தியாரை எனக்குத் தெரியும்.

கிரேஸைப் பார்த்தேன். அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனால் என் வாய் திறக்கப்போகிறது என்பது மட்டும் தெரியும். கண்ணாலேயே வேண்டாம் என்றாள். நான் ஜெபம் என்று தொடங்கினால் மூன்றாவது வரியில் தூங்கிவிடுகிறவன். அன்றைக்கு ஒரு வரிதான் சொன்னேன், அதுவும் உள்ளுக்குள்: ஆண்டவரே, இந்த ஒரு தடவை நான் சிரிப்புக் காட்டாமல் பேச வேண்டும்.

சலைன் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கினேன்.

"டாக்டரம்மா, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நாங்க தோட்டத்துக்குள்ள போகுமுன்னயே ஒரு கல்லறையை யாரோ சுத்தம் பண்ணி வச்சிருந்தாக. நான் பண்ணினதா எல்லாரும் நெனச்சாக. நான் இல்ல. எனக்கு அவ்வளவு நல்லா வேல செய்ய வராது."

கதவோரம் ஒருவன் சிரித்தான்.

"கையாலயே புல்லைப் பிடுங்கியிருந்துச்சு. அத்தனை புல்லுலயும் கை வச்சவுகள பூச்சி கடிக்காம இருக்காது. அவுக யாருன்னு நான் சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு உரிமை இல்ல. அவுக அணிக்காகப் போகல, கமிட்டிக்காகவும் போகல. அதுனால யார்ட்டயும் கணக்குச் சொல்ல வேண்டியதும் இல்ல. ஆனா அவுக எங்க கிடந்தாலும் மாத்திரையைப் போடணும். அவுகளுக்காக நான் ஜெபம் பண்ணுதேன். அவ்வளவுதான்."

வாசலில் நின்ற இரண்டு பேரில் ஒருவன்தான் முதலில் பேசினான். "எவனாச்சும் உங்க ஆளுதான் பண்ணியிருப்பான். எங்க ஆளுக ஒருத்தரும் அங்க கால் வைக்கல. அண்ணாச்சி சொன்னா சொன்னதுதான்."

"ஆமா" என்றான் எட்வின். "மாமா, எந்திரிங்க. கார் நிக்கி."

அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தேர்தலுக்குப் பிறகு அவர் என்னை இவ்வளவு நேரம் நேராகப் பார்த்தது அப்போதுதான். விடைத்தாளில் எதிர்பாராத விடையைப் பார்க்கிற வாத்தியார் பார்வை. பிறகு முகமூடியை முழுதாகக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிச் சொன்னார்.

"எட்வின். நான்தாம்லே போனேன்."

"எங்க மாமா?"

"உங்க அத்தைகிட்ட. அவ மேல புல்லு மண்டிக் கிடக்கு. நான் வாசல்ல மெழுகுவர்த்தியக் கொளுத்திட்டு வீட்டுக்குள்ள உக்காந்திருக்கணுமா? முடியல." வாசலைப் பார்த்தார். "அவ எந்த அணியும் இல்லலே. நாங்க ரெண்டு அணியும் அடிச்சுக்கிடும்போது அவ பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துட்டு இருந்தா."

வாசலில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். மாரியப்பன் தன் புண்காலை மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். எட்வின் பையைக் கீழே வைத்தான்.

"டாக்டர், பாருங்கம்மா" என்று அண்ணாச்சி சட்டைப் பொத்தானில் கை வைத்தார். பொத்தான் கழலவில்லை. கிரேஸ் போய்க் கழற்றிவிட்டாள்.

இடது அக்குளில் இருந்தது. என்னுடையதைப் போலவே கருப்பாக, வட்டமாக. ஆனாலும் எவ்வளவு கௌரவமான இடம். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. சத்தியமாக அதைச் சொல்லவில்லை.

பழைய மாத்திரையின் பெயரை எட்வின் வீட்டுக்குப் போன் போட்டுத் தேடிப் பிடித்தான். இது அது இல்லை என்று டாக்டர் உறுதி சொன்னார். மாத்திரையைக் கொடுத்துவிட்டு அருகிலேயே நின்றார். அன்றைக்கும் மறுநாளும் எங்களில் யாருக்கும் நிலைகொள்ளவில்லை. ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் சின்னக் கருவி அண்ணாச்சியின் விரலில் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. அதில் எண் குறைந்தால் எட்வினின் முகம் வெளுக்கும், ஏறினால் மாரியப்பன் "ஏறிட்டு, ஏறிட்டு" என்று தக்காளி ஏலம்போல அறிவிப்பார். எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. கனவும் விட்டுவிட்டது. ஆனால் அரைத்தூக்கத்தில் அந்த ரம்ப மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன். அது நின்றுவிடக் கூடாதே என்று நானும் கூடவே மூச்சு விடுவேன். ஒருத்தருக்காக இவ்வளவு நேரம் வாய் திறக்காமல் விழித்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பொறுமை என்று அதைச் சொல்லலாமா தெரியவில்லை. பயம் என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

மூன்றாம் நாள் மதியம் அண்ணாச்சிக்கு வேர்த்தது. குப்பென்று, தலையணை நனைய வேர்த்தது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு ரம்பச் சத்தம் மெல்ல மெல்ல வெறும் குறட்டையாக மாறியது. குறட்டையை இவ்வளவு சந்தோஷமாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கிரேஸின் கஞ்சியை அவர் அன்று இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து குடித்தார். "துவையல்ல புளி கொஞ்சம் ஜாஸ்திம்மா" என்றார். அவ்வளவு நாளும் அவர் எப்படிப் பொறுத்திருந்தாரோ. போதகர் பார்க்க வந்தார். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்போம். மாரியப்பனுக்கு அது விளங்க அரை மணி நேரம் ஆயிற்று. என் பில் வந்தது. அதைப் படித்தபோது காய்ச்சல் திரும்பிவிட்டதோ என்று நர்ஸ் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். லாட்ஜ் முதலாளி கொஞ்சம், கிரேஸின் அண்ணன் கொஞ்சம் என்று தாங்கிப் பிடித்தார்கள்.

அண்ணாச்சி மட்டும் என்னோடு பேசவில்லை. நானும் வலியப் போகவில்லை.

நான் வீட்டுக்குப் போவதற்கு முந்தின மாலை. மழை விட்டு, ஜன்னலுக்கு வெளியே மலை நீலமாகக் கிட்டத்தில் வந்து நின்றது. அண்ணாச்சி சாய்ந்து உட்கார்ந்து, "எட்வின், ஜெபம் பண்ணுவோம்" என்றார். வகுப்பறைக் குரல் திரும்பியிருந்தது. கிரேஸ் முக்காடு போட்டுக்கொண்டாள். மாரியப்பன் எதற்கும் இருக்கட்டும் என்று கை கூப்பினார். நான் படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டேன்.

மகளுக்காக ஜெபித்தார். வயிற்றிலிருக்கிற பேரப்பிள்ளைக்காக, எட்வினின் வேலைக்காக, டாக்டருக்காக, நர்ஸுமாருக்காக. "இந்த மாரியப்பனுக்குக் காலைக் கொடும் ஆண்டவரே, அவர் மார்க்கெட்டுக்கு நடந்து போகணும்" என்றார். தன் அணிக்காரர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி ஜெபித்தார். அதோடு விடவில்லை, எங்கள் கமிட்டிக்கும் வந்து, "அவர்களுக்கும் கொஞ்சம் புத்தியைத் தாரும்" என்றார். ஐயருக்காக ஜெபித்தார். ஆலயக் கூரை ஒழுகாமலிருக்க ஜெபித்தார். நான் காத்திருந்தேன். என் பேர் வரவில்லை. கூரைக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெபம் நின்றது. முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் அவர் ஆமென் சொல்லவில்லை. ஒரு நீண்ட மூச்சு இழுத்தார். முழு மூச்சு, தடங்கலே இல்லாமல்.

"பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் கிடக்கான், உமக்குத் தெரியும்" என்றார். "அவன் வாயை அடக்கும் ஆண்டவரே."

கட்டில் கிரீச்சிட்டது; இந்தப் பக்கம் திரும்பியிருப்பார்.

"ரொம்ப அடக்கிராதேயும்."

எனக்கான ஜெபத்தின் முதல் பாதி அந்த இடத்திலேயே நிறைவேறிவிட்டது. ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாரியப்பன்தான் சொன்னார்.